நான் பாஸ் போட்ட துணி

மூன்று வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை மாலை நான்கு பதினேழுக்குச் செய்தி வந்தது. நான் அதைப் பார்த்தது ஆறு பத்துக்கு. உனக்குத்தான் தெரியுமே, எங்கள் கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசல் லாக்கரில் அணைத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் நான் கார் கேமரா லென்ஸுகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் டீ குடித்தேன். பக்கத்து டேபிள்காரன் ஏதோ சொன்னான், சிரித்தேன். நீ தங்கியிருந்த நர்ஸ் ஹாஸ்டலின் பின்சுவர் அதற்குள் விழுந்து முடிந்திருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் உலகத்தில் எனக்கு மட்டும் நீ உயிரோடு இருந்தாய்.

இன்று ஞாயிறு. திருப்பதி வீட்டில், நீ சாமான் அடுக்கிவிட்டுப் போன முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். மேஜைமேல் ஒரு முழம் காடாத்துணி கிடக்கிறது. நகரியில் நைனாவின் தறியில், என் அப்பாவின் தறியில் ஓடியது, வெளுக்காதது. வெளியூர் போகிற யாருக்கும் எங்கள் வீட்டில் ஒரு பீஸ் காடா கொடுத்தனுப்புவார்கள். விரித்துப் படுக்கலாம், போர்த்திக்கொள்ளலாம், மூட்டை கட்டலாம். உன் பெட்டி எடை கூடிவிட்டது என்று நீ கொஞ்சம் கத்தரித்து இங்கே வைத்துவிட்டுப் போனாய். அந்த மிச்சம்தான் இது. இரண்டு வருஷம் ஆகியும் கஞ்சி வாசம் போகவில்லை. அதன்மேல் போனை வைத்திருக்கிறேன். அதிர்ந்தால் மேஜை சத்தம் போடாது.

ஆறு மணிக்கு டிவியிலிருந்து கூப்பிடுவார்கள். நேற்று ஒருவர் பேசினார்.

“அண்ணா, விவாதத்துல ஒங்கள ரெண்டு நிமிஷம் லைன்ல எடுப்போம். பயங்கரவாதத்த ஒழிக்கறேன்னு வெளிநாட்டுப் படை போய் குண்டு போடறது சரியா, தப்பா. அவ்ளோதான். நாலு பேரு பேசறதும் ஒண்ணு, நீங்க பேசறதும் ஒண்ணா அண்ணா?”

சரி என்றேன். இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் சரி என்கிறேன். காலையில் காஸ் சிலிண்டர் வந்தது. “ஓடிபி செப்பண்டி சார்” என்றார் கொண்டுவந்தவர். அந்த நம்பர் உன் போனுக்குப் போயிருக்கும். உன் போன் அந்தக் கற்குவியலுக்குள் எங்கேயோ இருக்கிறது. நம்பர் என் மனைவி போனுக்குத்தான் வரும் என்றேன். “மேடம்கி ஒகசாரி போன் சேயண்டி சார்” என்று உனக்கு ஒரு தடவை போன் போடச் சொன்னார். சரி என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சிலிண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிச்சயமான பிறகு நாம் முதல்முதலாக பைக்கில் போனது பிச்சாட்டூர் ஏரிக்கு. கரையில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே என் வேலையைப் பற்றிக் கேட்டாய். எங்கள் லைனில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான் முக்கியம், பீஸைச் செய்தவனே அதற்குப் பாஸ் போடக்கூடாது, வேறு ஒருவர்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். நீ தோலைத் தண்ணீரில் ஊதிவிட்டுச் சொன்னாய்: “அப்ப எங்க நைனா என்னப் பத்தி ஒங்க வீட்ல சொன்னது ஒண்ணும் செல்லாது மாமா. நீயே பாத்து எழுதிக்கோ.” பாகாலாவில் உன் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடும்போதும் அதையே சொல்லிச் சிரித்தாய்.

நீ அந்த நாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனது உன் விருப்பம். “இங்க டிரிப் பாட்டில் மாத்தி மாத்தியே என் படிப்பு மறந்துடும் மாமா. அங்க ஐசியூ தரேன்றாங்க” என்றாய். முதல் வருஷம் வெயிலைப் பற்றியும், ரொட்டியைப் பற்றியும், உன்னோடு அறையில் இருந்த சித்தூர்ப் பெண்ணின் குறட்டையைப் பற்றியும்தான் பேசினோம். பிறகு ஒரு நாள் முகம்கூடக் கழுவாமல் வீடியோ காலில் வந்தாய். நெற்றியில் காய்ந்திருந்தது உன் ரத்தம் இல்லை.

“பள்ளிக்கூடத்துப் பசங்க மாமா. பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்துச்சுங்க. ஸ்கூல் வுடற நேரம் பாத்து குண்டு வச்சிருக்கானுங்க. வச்சிட்டு நாங்கதான் வச்சோம்னு பெருமையா வேற சொல்லிக்கினு இருக்கானுங்க.” போனைக் கைமாற்றிப் பிடித்தாய். “இவனுங்கள எவனாவது வந்து அடக்கணும். எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் சரி.”

நம் வீட்டில் முதலில் அப்படிச் சொன்னவள் நீ. இப்போது உன் போட்டோவுக்குக் கீழே போர் வேண்டாம் என்று எழுதிப் போடுகிறவர்களுக்கு அது தெரியாது. உன் போட்டோவைப் போட்டு இன்னும் குண்டு போடு என்று எழுதுகிறவர்களுக்கும் உன்னைத் தெரியாது.

நீ சொன்ன அந்த எவனாவது வந்தான். ஒரு பெரிய நாட்டின் விமானங்கள் வந்தன. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை உன்னிடம் மறைத்ததில்லை. மேலிருந்து எடுத்த படங்களைப் பார்ப்பேன். நடுவில் ஒரு குறி, பிறகு வெள்ளையாக ஒரு பூ, பக்கத்துக் கட்டிடம் அப்படியே நிற்கும். லென்ஸ் பார்க்கிறவன் கண்ணுக்கு அது அழகாகத் தெரிந்தது. நீ கிண்டல் செய்தாய். “மேல சுத்திக்கினு கீதே, அது உன் கேமராவா மாமா? கீழ நான் கீறேன்னு சொல்லி வை.” நாங்கள் காருக்குத்தான் செய்கிறோம் என்று பெரிய மனிதனைப் போல் பதில் சொன்னேன்.

அடுத்த மாதம் உன் பேச்சு மாறியது. “பஸ் ஸ்டாண்டு பசங்க படுத்த அதே கட்டில்ல இப்ப வேற பசங்க மாமா. இவங்க குண்டா, அவனுங்க குண்டான்னு நாங்க கேக்கறதில்ல. எங்க வலிக்குதுன்னு தான் கேக்கறோம்.”

பயங்கரவாதியை அடிக்கும்போது பக்கத்தில் கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யும், எந்த வேலையிலும் இவ்வளவு பிசகலாம் என்று ஒரு டாலரன்ஸ் உண்டு என்றேன்.

“அந்தக் கொஞ்சத்துக்கு ஊசி போடறது நான் மாமா” என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. டூட்டி முடிந்த களைப்பில் சொன்னாய். பிறகு, “துன்னியா?” என்று கேட்டாய்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லைவரை ஒரு பஸ் விடுகிறோம், போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று சொன்ன அன்று நீ என்னைக் கேட்டாய். “போவட்டா, இருக்கட்டா மாமா? நீ சொல்லு. நீ இந்த மெஷினுங்கள தெரிஞ்சவன்.”

நான் யோசித்துத்தான் சொன்னேன். அதுதான் இப்போது தாங்க முடியவில்லை. ரோட்டில் ஓடுகிற பஸ்ஸுக்குள் யார் இருக்கிறார்கள் என்று மேலிருந்து தெரியாது. நிற்கிற கட்டிடத்துக்கு வரைபடத்தில் பெயர் இருக்கும். அவர்கள் குறி தப்பமாட்டார்கள். அதனால் இருப்பதுதான் பத்திரம், கான்ட்ராக்ட் முடிய மூன்று மாதம்தானே என்றேன். சந்தேகத்துக்கு, ஹாஸ்டல் மாடியில் ஆஸ்பத்திரி அடையாளம் விரித்து வைக்கச் சொன்னேன். நைனா கொடுத்த காடா இருக்கிறதே என்று நினைவுபடுத்தியதும் நான்தான். நீயும் சித்தூர்ப் பெண்ணும் சிவப்புத் துணி வெட்டி அதன் நடுவில் பெரிய பிறை தைத்தீர்கள். அந்த ஊரில் ஆஸ்பத்திரி ஜீப்பில் இருக்கிற அடையாளம் அது. மறுநாள் காலையில் மாடித் தண்ணீர்த்தொட்டிமேல் ஏறி நின்று எடுத்த படம் வந்தது.

நான் பெரிதாக்கிப் பார்த்தேன். “வலது மூலை மடிஞ்சிருக்கு பாரு. இஸ்துக் கட்டு. நாலு பக்கமும் கல்லு வை.”

மறுபடி படம் அனுப்பினாய். கூடவே குரலில்: “இப்ப பாரு சார். பாஸா, ரிஜெக்ட்டா?”

“பாஸ்” என்றேன்.

பஸ் போனது. எல்லையைத் தாண்டியது. அதில் போனவர்கள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள். சித்தூர்ப் பெண்ணும் அதில்தான் வந்தாள்.

பஸ் போன நாலாம் நாள் அந்தப் புதன்கிழமை. ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் குண்டு விழுந்தது. குண்டு போட்ட பெரிய நாட்டின் ராணுவம் அன்றே அறிக்கை கொடுத்தது. பயங்கரவாதிகளின் ஆயுதக் கிடங்கு துல்லியமாக அழிக்கப்பட்டது, அருகில் ஏற்பட்ட உயிரிழப்புக்கு வருந்துகிறோம். நான் அதைப் பல தடவை படித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. குறி தப்பவில்லை. உன் கட்டிடத்தில் எதுவும் விழவில்லை. மாடியில் துணி நான்கு கல்லோடு அப்படியே கிடந்ததாம். குண்டு வெடித்த அதிர்வில் உன் அறையின் பின்சுவர் மட்டும் விழுந்தது. நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

போன வாரம் சித்தூர்ப் பெண் பார்க்க வந்தாள். நீ உட்காரும் நாற்காலி என்று தெரியாமல் அதில் உட்கார்ந்தாள். பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, பழத்தைப் பார்த்தே பேசினாள்.

“அண்ணா, அந்த ஷெட்ல சாமான் இருந்தது நெஜம் தான். லாரி வந்து எறக்கறத நானும் அக்காவும் மாடிலருந்து பாத்திருக்கோம். பஸ் ஸ்டாண்டுல வச்சவனுங்க அவனுங்க தான்னு ஊரே பேசும்.”

“என்னாண்ட அவ சொல்லவே இல்லயே.”

“சொன்னா நீங்க பயந்துக்குவீங்கன்னாங்க.” கையைப் பிசைந்தாள். “இன்னொண்ணு அண்ணா. சொல்லலாமா வேணாமான்னு தெரியல. பஸ்ஸுக்கு அக்கா பை கட்டி வச்சிட்டாங்க. ஒங்களாண்ட பேசிட்டு வந்து தான் பிரிச்சாங்க. எங்க வூட்டுக்காரரு கணக்கு போட்டுப் பாத்துட்டாரு, இங்கயே இருக்கலாமாம்னு அக்கா சொல்லிச் சிரிச்சாங்க.”

பை கட்டியிருந்தாய். நீ என்னிடம் முடிவைக் கேட்கவில்லை. முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒரு சரி கேட்டாய். நானும் ஷெட்டைப் பற்றித் தெரியாமல், தெரிந்தவன்போல் பேசினேன். மேலே பறந்தவர்களுக்கு ஷெட்டைத் தெரியும், உன்னைத் தெரியாது. எனக்கு உன்னைத் தெரியும், ஷெட்டைத் தெரியாது. இரண்டையும் தெரிந்திருந்தவள் நீ ஒருத்திதான். உன்னை யாரும் கேட்கவில்லை.

கம்பெனி பஸ்ஸில் எனக்காகவே சண்டை நடக்கிறது. “ஒரு நாட்டுல போய் அவன் ஏண்டா குண்டு போடணும்? அவன் வூட்டுக்குள்ளயா பயங்கரவாதி வந்தான்?” என்கிறான் ஒருவன். “அப்ப பசங்கள கொன்னுக்கினே இருக்கட்டும், நீ வாட்ஸப்ல பூ போட்டுக்கினு இரு” என்கிறான் பின்சீட்டில் இருப்பவன். பிறகு இருவரும் என்னைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார்கள். என் பக்கத்து இருக்கையில் இப்போது யாரும் உட்காருவதில்லை. மரியாதைக்காகத்தான்.

மத்தியானம் நைனா போன் செய்தார். பின்னால் தறிச் சத்தம் இல்லை. எனக்காக நிறுத்திவிட்டுப் பேசுவார்.

“டிவில பேசப் போறியாமே. இன்னா சொல்லப் போற?”

“தெரியல நைனா.”

“அந்தப் பொண்ணு இருந்தா இன்னா சொல்லும்னு பாத்து சொல்லு.” பிறகு, “சோறு துன்னு” என்றார்.

நீ என்ன சொல்வாய் என்று சாயங்காலம்வரை உட்கார்ந்து பார்த்தேன். தப்பு என்று நான் சொன்னால், முகம் கழுவாத அந்த முகத்தோடு நீ வந்து நிற்கிறாய். அந்தப் பசங்களுக்கு என்ன வழி என்று கேட்கிறாய். குண்டு வைத்தவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். சரி என்று சொல்லலாம் என்றால், அந்தச் சரியை நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டேன். உன்னிடம் சொன்னேன். நீ பையைப் பிரித்து, துணிகளை மறுபடி அலமாரியில் வைத்தாய். இந்தப் போர் நியாயம் என்று சொல்கிறவர் யாரானாலும், தன் வீட்டு ஆள் ஒருவரிடம் அந்த ஷெட்டுக்குப் பக்கத்தில் இரு என்று சொல்லிவிட்டு வந்து சொல்லட்டும். அவர் பேச்சை நான் கேட்பேன். ஆனால் அப்படிச் சொன்னவர்கள் என்னைப்போல் பேச்சில்லாமல்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

குண்டு வைத்தவர்கள் தங்கள் வேலைக்குத் தாங்களே பெருமை சொன்னார்கள். குண்டு போட்டவர்கள் தங்கள் வேலைக்குத் தாங்களே துல்லியம் என்று எழுதிக்கொண்டார்கள். நானும் என் யோசனைக்கு நானே பாஸ் போட்டேன். பிச்சாட்டூர் கரையில் உனக்குச் சொல்லிக்கொடுத்த கட்டுப்பாட்டை நான்தான் முதலில் மீறினேன். லைனில் இப்போதும் ஒவ்வொரு லென்ஸையும் தட்டில் வைக்கும்போது, “பாஸா, ரிஜெக்ட்டா?” என்று உன் குரல் கேட்கிறது. கை ஒரு நொடி நிற்கிறது. என் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று சூப்பர்வைசர் சொன்னார். சரி என்றேன்.

ஐந்து ஐம்பத்தெட்டு. காடாமேல் போன் சத்தமில்லாமல் நடுங்குகிறது. டிவிகாரர் நம்பர்தான். இன்று சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லைனுக்குள் போவதற்குமுன் செய்வதுபோல் போனின் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். துணியைச் சுருட்டி மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன்.