சூடான பால்

அன்பு ஜொஹராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு இருமல் விட்டுவிட்டது. உம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஞாயிறுதோறும் சிராங்கூன் ரோட்டில் ஒரு வகுப்புக்குப் போகிறேன். மனம் நொந்துபோன தொழிலாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருகிறார்கள். போன வாரம் பயிற்சிக்காக என் எதிரே உட்கார்ந்த செல்வமணி அண்ணன், "தூக்கமே வரல தம்பி" என்றார்.

"சூடா பால் குடிச்சிட்டுப் படுங்கண்ணே" என்றேன். வகுப்பே சிரித்தது.

"அட்வைஸ் அப்புறம் லா, முதல்ல கேளுங்க" என்றார் சிங்கப்பூர்க்கார டீச்சர்.

வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் தன் அப்பா இறந்தபோது ஊருக்குப் போக முடியாததைச் சொன்னார். பயிற்சி என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது.

ரயிலில் பூன் லே விடுதிக்குத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் நீயும் தூக்கம் வரவில்லை என்றாய். உனக்கும் பாலைத்தான் சொன்னேன். "சரி மச்சான்" என்று போனை வைத்துவிட்டாய்.

பக்கத்து வீட்டுக் காதர் இங்கே வரும்போது உன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்துவிடு. இந்தப் போர்வை உறுத்துகிறது.

வேலைக்கு லாரி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அழைக்கிறேன். ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல். குறுக்கே பேச மாட்டேன்.

உன்
ஜவாஹிர்