நெஞ்சுப் படத்தில் ஒரு கைப்பிடி உப்பு

அன்பு மகள் ஐரினுக்கு,

அப்பா எழுதுவது. அந்தோனியார் புண்ணியத்தில் நான் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உன் அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முகம்தான் சரியில்லை. தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கப் போய் நல்ல பாம்பிடம் கடி வாங்கியவன் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பாம்பைக் கேட்டுக்கொள்.

நீ ஐசியூ நர்ஸ், உனக்குத் தெரியாததில்லை. விஷத்தில் இமையைக்கூடத் தூக்க முடியவில்லை, வாயில் குழாய், மூச்சு விட மெஷின், ஆனால் காது மட்டும் நன்றாகக் கேட்டது. எனக்கு நினைவில்லை என்று நினைத்து உன் அத்தை ரூபி பேசியதெல்லாம் கேட்டேன், அது தனிக் கதை. மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. பார்க்க வந்த உன் அம்மா, கோயிலில் மந்திரித்த கல் உப்பு ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து என் வலது தோளுக்கடியில், விரிப்புக்குக் கீழே செருகிவிட்டு, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று காதில் சொல்லிப் போனாள். குழாய் போட்டவனிடம் சொல்கிற பேச்சா இது?

கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். வலது பக்கம் வெள்ளையாக இருக்கிறது, நிமோனியாவாக இருக்குமோ என்று என் தலைமாட்டிலேயே பேச்சு. மறுநாள் எடுப்பதாக இருந்த குழாயை எடுக்க வேண்டாம் என்றார்கள். ஐயோ, அது உப்புய்யா என்று உள்ளுக்குள் கத்துகிறேன், யாருக்குக் கேட்கும்? நல்லவேளை, டாக்டர் மணிமாறன் அவசரப்படவில்லை. "குழாய் போட்ட ஆளுக்குக் காய்ச்சலும் வரும், படத்துல வெள்ளையும் விழும், அதை மட்டும் வச்சு நிமோனியான்னு சொல்லிற முடியாது" என்று சொல்லி, குழாய் வழியாகச் சளியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், இன்னொரு படமும் எடுக்கச் சொன்னார். அதற்காக என்னைப் புரட்டிய நர்ஸ் பவித்ரா கையில் முடிச்சு சிக்கியது. இரண்டாவது படத்தில் வெள்ளையைக் காணோம். சளியிலும் கிருமி இல்லை. காய்ச்சல், கடிபட்ட கால் வீங்கியதால் வந்ததாம்.

டாக்டர் சிரித்துவிட்டார். நீதான் சிரிக்கவில்லை. உங்களால் அப்பா செத்திருந்தால் என்று போனில் உன் அம்மாவைக் கேட்டுவிட்டாய். பதினோரு நாளாகிறது, அவளும் உன்னைக் கூப்பிடவில்லை, நீயும் மறுபடி கூப்பிடவில்லை. என் கஞ்சியில் உப்பும் இல்லை, அவள் இப்போது உப்பு ஜாடியைத் தொடுவதே இல்லை. பயத்தில் அவள் உப்பு வைத்தாள், பயத்தில் நீ கத்தினாய், இதில் யார் பெரிய புத்திசாலி? ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு வீட்டில் இருப்போம், அவள் எடுக்கிறவரை விடாமல் கூப்பிடு. என் வாயில் குழாய் இருந்தது, நான் பேசவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் வாயில் என்ன இருக்கிறது?

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. காதுக்குக் குல்லாய் போட்டுக்கொள்.

உப்பில்லாக் கஞ்சி குடிக்கும்
உன் அப்பா,
ஞானராஜ்