அவுலியாவுக்குக் குங்குமம்

முள்ளியவளை
14.02.1993

அன்பான மதார் நானாவுக்கு அழகம்மா எழுதுவது. இங்கே சுகம். புத்தளத்தில் மதினியும் பிள்ளைகளும் சுகந்தானே.

இயக்கம் உங்க முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அன்றைக்கு, அவுலியா அப்பா அடங்கிய சியாரத்துச் சாவியை என் கையில் தந்து, "பார்த்துக்கொள்" என்றீங்க. பார்த்துக்கொள்கிறேன். வியாழன் பின்னேரம் விளக்கேற்றி, பூ வைத்து, கபுறுக்குக் குங்குமமும் வைக்கிறேன். என் மகள் நிசாந்தினிக்கு மலேரியா வந்தபோது அந்த விளக்கு எண்ணெயைத்தான் நெற்றியில் தடவினேன். ஆஸ்பத்திரிக் குளிசையும் கொடுத்தேன். எது கேட்டதென்று அவருக்குத்தான் தெரியும்.

அழகம்மா

புத்தளம்
03.05.1993

தங்கச்சி அழகம்மா,

குங்குமமா? அது கோயில் இல்லை. ஒரு நல்ல மனிதர் அடங்கிய கபுறு. பறக்கத்தென்ற அருளைத் தருகிறவன் அல்லாஹ். அவர் அவனுக்குப் பிரியமானவர், அவ்வளவுதான். எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சாம்பிராணி போடு, பச்சைத்துணி போர்த்து. குங்குமத்தை இன்றைக்கே கழுவிவிடு.

மதார் நானா

முள்ளியவளை
20.07.1993

நானாவுக்கு,

கழுவிவிட்டேன். பச்சைத்துணிக்கு எங்கே போவேன்? என் சேலையைக் கிழித்துப் போட்டிருக்கிறேன், அதில் சிவப்புக்கரை இருக்கு. அதற்கும் ஏதாவது சொல்வீங்க. கறிக்கு எண்ணெய் இல்லாத நாளிலும் அவருக்கு ஊற்றுகிறேன். முறை தெரிந்தவங்க வந்து செய்ங்க.

வர முடியாதென்று தெரியும். கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப்போட்டால் வேறு தாள் இல்லை.

அழகம்மா

புத்தளம்
11.11.1993

அழகம்மா அவர்களுக்கு,

கபுறில் பறக்கத்துத் தேடுவது பெரும்பாவம். ஆகவே விளக்கேற்றுவதை உடனே நிறுத்தவும். கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போடவும்.

செ. மதார்

முள்ளியவளை
16.01.1994

நானா,

என்னை "அவர்கள்" என்று எழுத எப்படி மனசு வந்தது?

உங்களை அனுப்பின அன்றைக்கு நாங்க ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். உங்களில் இங்கே மிச்சமிருப்பது அவுலியா அப்பா ஒருவர்தான். அவரையும் இருட்டில் விடச் சொன்னால் என்னால் முடியாது. பாவமென்றால் அது எனக்கே வரட்டும்.

அழகம்மா

புத்தளம்
09.04.1994

என் தங்கச்சிக்கு,

அந்தக் கடிதம் என் மகன் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதியது. மதறசாவில் ஓதி வந்தவன். அவனோடு தர்க்கிக்க எனக்குப் படிப்பில்லை, சலித்துப்போய் எழுதிக் கொடுத்தேன். இதை அவனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பறக்கத்து எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, தங்கச்சி. இந்த ஓலைக்கொட்டிலில் நாலு வருஷமாகக் காணவில்லை. ஆனால் வியாழன் பின்னேரம் நீ அங்கே போயிருப்பாய் என்று நினைப்பேன். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

எண்ணெய் இல்லாவிட்டால் சும்மா கதவைத் திறந்து கொஞ்சநேரம் இருந்துவிட்டு வா. உனக்குத் தெரிந்த மாதிரிச் செய். இனி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன் நானா
மதார்