சத்தம் வரக் கூடாத மெஷின்

ஜூன் 24, செவ்வாய்

இன்றும் ஆட்டோ எடுக்கவில்லை. பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். தண்ணீருக்கு அடியில் உலோகம் தேடும் மெஷின், பழசு, விற்பனைக்கு என்று போனில் பார்த்திருந்தேன். விற்றவர் பெயர் கோதண்டராமன். கடலில் குளிப்பவர்கள் தொலைக்கும் மோதிரங்களைத் தேடிப் பிழைத்தவர்.

"முதுகு புடிச்சிக்கிச்சு, அதான் தள்றேன். நீங்க என்னா தேடப் போறீங்க?"

பெண்டாட்டி மோதிரம் கிணத்துல விழுந்துடுச்சு என்றேன்.

"மோதிரத்துக்கா இவ்ளோ செலவு? வூட்டம்மான்னா அவ்ளோ பயமா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். என் பையனைத் தேட என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 25

மெஷினோடு வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதிய மேதைக்குப் படம் மட்டும் புரிந்தது. பையன் வளவன் இருந்தால் படித்துச் சொல்லியிருப்பான்.

போலீஸ் வேலைக்கு ஓடினான், கயிறு ஏறினான், எல்லாம் பாஸ். மெடிக்கலில், எப்போதோ எலும்பு உடைந்ததற்குக் காலில் பிளேட் வைத்திருக்கிறது என்று கழித்துவிட்டார்கள். அன்றைக்குப் போனவன்தான். போன் ஆஃப். பைக் மட்டும் அடி அண்ணாமலை தாண்டி, தண்ணீர் நிற்கும் பழைய கல் குவாரி ஓரத்தில், சாவியோடு நின்றது. தீயணைப்பு ஆட்கள் முங்கித் தேடினார்கள். பாறை இடுக்கில் சிக்கியிருந்தால் தெரியாது என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

தெரியாதுன்னா? நான் யாரைப் போய்க் கேக்கறது?

அந்த பிளேட் ஸ்டீல். மெஷினுக்குத் தெரியும்.

ஜூன் 27

பிளேட்டுக்கு மெஷின் எப்படிக் கத்தும் என்று தெரிய வேண்டுமே. ஆட்டோ ஸ்டாண்டு சுப்பனுக்கும் காலில் பிளேட். ஏரியில் இறக்கி நிறுத்தினேன்.

"யோவ், என் கால்ல புதையலா கீது? சீக்கிரம் பாரு, மீனு கடிக்குது."

முட்டிக்குக் கீழே கொண்டுபோனதும் ஹெட்போனில் கீச்சென்றது. என் முகத்தைப் பார்த்தவன் கிண்டலை நிறுத்திவிட்டான்.

"வோணாம்ணே. போலீஸ் பாத்துக்கும். வா, டீ குடிக்கலாம்."

அந்தச் சத்தம் குவாரியில் வரக் கூடாது. வராமலும் எப்படி வீட்டுக்குப் போக?

ஜூன் 28

முங்க முடியவில்லை. தொப்பை மேலே தூக்குகிறது. இருபது வருஷப் பரோட்டா.

ஜூலை 2

இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கலாம் என்று யோசனை. கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது பெண்டாட்டி அருணா குவாரிக்குச் சோறு கொண்டுவந்தாள். பார்த்ததும் தூக்குவாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளையும் போயி, நீங்களுமா? நான் யாரத் தேடறது?"

முங்கத்தான் கல்லு, சாவ இல்லடினு எவ்ளோ சொல்லியும் வுடல. கடைசியில் ஒரு ஒப்பந்தம்: கயிற்றின் மறுமுனை அவள் கையில். நான் முங்க, அவள் இழுக்க. இப்படி ஒரு மீன்பிடி.

ஜூலை 7

சத்தம் வந்தது.

அதே கீச்சு. இடுக்குக்குள் கையை விட்டேன். அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே. விளிம்பு தட்டியது. ஜல்லி அள்ளும் இரும்புச் சட்டி. அதைக் கட்டிக்கொண்டு கரையில் அழுதேன். இரும்புச் சட்டியைக் கட்டிப் பிடித்து அழுத ஒரே ஆட்டோக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

ஜூலை 10, பௌர்ணமி

ஊரே மலை சுற்றுகிறது. சவாரிக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. முங்கினேன். ஒன்றும் இல்லை.

ஜூலை 12

மதியம் குவாரிக் கரையில் அருணா போனுக்குப் புது நம்பரிலிருந்து அழைப்பு. காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பேச்சில்லை போல. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, "சாப்டியாடா?" என்றாள்.

கயிற்றை அப்போதுதான் கையிலிருந்து விட்டாள்.

என்னிடம் நீட்டினாள். ஓசூரில் ஏதோ கம்பெனியாம். "லீவு கெடச்சதும் வர்றேன்ப்பா" என்றான். வண்டிய ஏன்டா அங்க வுட்டேன்னு கேக்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவன் அங்கே நின்றிருக்கிறான். நின்றுவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறான். அது போதும்.

"அப்பா, அழறியா?"

"இல்லடா. இப்பதான் குளிச்சேன். தலை துவட்டல."