பதினான்கு துறைகளும் ஒரு முகூர்த்தமும்

வளம் பெருகுக, வாய்மை ஓங்குக. செம்பனையாறு இருகரையும் தழுவி ஓடும் மேல்நாட்டுக்கும், பன்னிரண்டு ஏரிகளுக்கும், பதினான்கு படித்துறைகளுக்கும் உரிய கோவிண்ணன் ஆகிய யாம், திருமண ஏற்பாடுகளைக் கவனிக்க முத்தங்கரைப் பட்டினத்துக்கு முன்னே சென்றிருக்கும் எம் பெருந்தரத்து அமைச்சர், 'நாழிகைச் சிங்கம்' என்று எம் வாயாலேயே பட்டம் பெற்ற கூத்தன் பொறையனாருக்கு எழுதுவித்த ஓலை. நீரும், உம்மைச் சூழ்ந்தோரும், அப்பட்டினத்து அரசரும் நலமே வாழ்க. யாம் நலமாக இல்லை.

அரண்மனைத் துறையிலிருந்து முத்தங்கரைக்கு ஒன்பது நாழிகையில் போய்ச் சேரலாம் என்று நீர் சொன்னீர். வெறும் ஓடத்தில், நான்கு துடுப்புக்காரரோடு, ஆற்றின் போக்கிலேயே போய்ப் பார்த்துவிட்டு மார்தட்டிச் சொன்னீர். அதை நம்பி உதயத்தில் புறப்பட்டோம். முகூர்த்தம் மாலை முப்பதாம் நாழிகையில். நேரம் மிஞ்சிக் கிடக்கிறதே, வழியில் மகளோடு தாயம் ஆடலாம் என்றுகூட எண்ணினோம். ஐயா, இப்போது உச்சிவேளை. பதினைந்து நாழிகை போயிற்று. கடந்ததோ ஐந்தே துறை!

அரச ஓடம் எந்தத் துறையையும் வரிசை ஏற்காமல் கடக்கலாகாது என்பது எம் பாட்டனார் கல்லில் வெட்டிய சட்டம். உமக்கு அது தெரியாதா? உமது ஓடத்தில் குடையும் இல்லை, முரசும் இல்லை. ஒருவரும் உம்மைச் சீந்தவில்லை. எம்மை விடுவார்களா? இரண்டாம் துறையில் ஊர்ச்சபைத் தலைவர் எம் முன்னோரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்தினார். இருவரை விட்டுவிட்டதாகக் கூட்டத்தில் யாரோ சொல்ல, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாம் துறையில் நூறு பூசணிக்காய் ஏற்றினார்கள். அன்போடு கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான்காம் துறையில் ஒரு கறவைப் பசு. இன்னும் ஒரு தேங்காய் ஏறினாலும் ஓடம் மூழ்கும், பசுவையாவது இறக்கியருள வேண்டும் என்று ஓடத்தலைவன் உலகன் கைகூப்பி விண்ணப்பித்தான். பசு இறங்க மறுக்கிறது.

மணமகன் திரையனார் நாளை விடியலில் தீவுக்காவலுக்குக் கப்பலேறுகிறார். திரும்ப ஓராண்டு ஆகும். இதை அறிந்த எம் மகள் மருதி நங்கை, காலையெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவள், ஐந்தாம் துறையில் அழுதேவிட்டாள். தனக்குத் திருமணம் திரையனாரோடா, பூசணிக்காய்களோடா என்று வினவினாள். பெற்ற மனம் பதறுகிறது, பொறையனாரே.

இதே வேகத்தில் போனால் மிச்சமுள்ள ஒன்பது துறைகளுக்கு இருபத்தேழு நாழிகை ஆகும். கையில் இருப்பதோ பதினைந்து. கரைவழியில் முழங்கால் அளவு சேறு. சிறு தோணியில் நழுவலாம் என்றாலோ, எம் முகமும் எம் மகள் முகமும் அறியாத துறை இல்லை. ஆகவே யாம் அடுத்த துறையாகிய ஆலங்காட்டிலேயே இறங்கி, ஊரார் எமக்கென்று போட்டிருக்கும் பந்தலில் மணமேடை அமைக்கப் போகிறோம். இவ்வோலை சிறு தோணியில் ஐந்து நாழிகைக்குள் உம்மிடம் வரும். அங்கிருந்து எதிரோட்டம்தான், ஆயினும் பாய் விரித்தால் கடற்காற்று பின்னிருந்து தள்ளும், ஒன்பது நாழிகை போதும் என்கிறான் உலகன். இது ஓட்டுகிறவனைக் கேட்டு அறிந்த கணக்கு. மிஞ்சும் ஒரு நாழிகையில் மணமகன் வீட்டாரிடம் மன்னிப்புக் கேளும்.

எம் ஆணையாவது: திரையனாரை மீன்படகில் ஏற்றும். குடை, கொடி, முரசு, முத்துமாலை ஒன்றும் கூடாது. தலையில் முண்டாசு கட்டி, வலைகளுக்கு நடுவே உட்காரச் சொல்லும். இடையிலுள்ள எட்டுத் துறைகளில் ஒருவர் அடையாளம் கண்டாலும் காரியம் கெட்டது. மீன் வாடையோடு வந்தாலும் மாலையிடுவதாக எம் மகள் சொல்லிவிட்டாள். முகூர்த்தம் தவறி வந்தால் என்ன செய்வாள் என்று யாம் கேட்கவில்லை. கேட்கத் துணிவு இல்லை.

ஐந்தாம் துறையில், ஓடத்தின் மேலிருந்து, எம் கணையாழி பதித்து விடுத்தோம். இதை வாசித்து முடிக்கும் முன்பே நீர் படகில் கால் வைத்திருக்க வேண்டும்.