நாலு விரல் இடம்

7 மே 2006

இன்றைக்கு வண்டியை ஓட்டிப் பார்க்க வந்த மூன்று குடும்பங்களோடு மூன்று முறை ஆரம்பாக்கம் வரை போய் வந்தேன். மூன்று முறையும் கடைசி வரிசையில். ஷோரூம் மேனேஜர் ராஜமாணிக்கம் என்னை வேலைக்கு எடுத்ததே என் ஆறடி இரண்டங்குலத்துக்காகத்தான். "நீ பின்னாடி உக்காந்து காட்டு மணவாளா. உனுக்கே எடம் கீதுன்னா அப்புறம் யாரு இன்னா கேக்கப் போறாங்க?"

ஆள் வருவதற்கு முன்பே நடு சீட்டை அதன் தடத்தில் இரண்டு பல் முன்னே தள்ளிவிடுவோம். என் முட்டிக்கும் சீட்டுக்கும் நடுவே நாலு விரல் நுழையும். "தாராளம் சார்" என்பேன்.

12 மே

சின்ன எஸ்யூவியில் ஐந்து பேர் சௌகரியமாக உட்காரலாம். பின்னால் இரண்டு சீட் பேருக்குத்தான். ஆள் ஏறினால் பை வைக்க இடமில்லை. பெரிசில் ஏழு பேர் ஏறியும் இரண்டு பெட்டி போகும். பகலெல்லாம் வாய் தன்னால் ஒப்பிக்கிறது. ரூமுக்கு வந்தால் பேச ஆள் இல்லை.

13 மே

ரசம் சோறு. வேறு ஒன்றுமில்லை.

20 மே

மகள் காயத்ரிக்கு இன்று ஆறு வயது. பொன்னேரிக்குப் போன் போட்டேன். மனைவி செல்வி எடுத்தாள்.

"எப்படிக் கீற?"

"நல்லாக் கீறேன்" என்றேன்.

"உனுக்கு எப்பவும் நல்லாத்தான் இருக்கும்." வைத்துவிட்டாள். பிள்ளையிடம் பேசவே இல்லை.

பழைய கம்பெனியில் வேலை போனதை இரண்டு மாதம் அவளிடம் மறைத்தேன். தினமும் அவள் கட்டித் தந்த டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏன்? பயம், வேறென்ன. தெரிந்த அன்றே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழு மாதமாகிறது. அவள் இல்லாமல் முடியவில்லை. அத அவகிட்ட சொல்லாம இன்னாத்துக்கு இந்த நோட்டுல எழுதிக்கினு கீறேன்?

11 ஜூன்

செல்வியின் தம்பி அரசப்பன் வண்டி பார்க்க வந்தான். கூடவே அவன் மனைவி, என் மாமனார், மாமியார், காயத்ரி. கடைசியாக ஆட்டோவிலிருந்து செல்வி இறங்கினாள்.

அரசப்பனுக்குச் சின்ன வண்டிதான் பிடித்திருந்தது. வழக்கம்போல நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். செல்வி கதவருகே வந்து நின்றாள். "முட்டி இடிக்குதா?"

ராஜமாணிக்கம் என்னையே பார்த்தார்.

"இடிக்கும்" என்றேன். "நடு சீட்ட முன்னாடி தள்ளி வெச்சிகீறோம்."

இறங்கிப் போய் சீட்டைப் பழைய இடத்துக்கு இழுத்தேன். திரும்ப உட்கார்ந்து காட்டினேன். ஒரு விரல்கூட நுழையவில்லை.

"நாம ஆறு பேருதானக்கா" என்றான் அரசப்பன். "காயத்ரிய பின்னாடி உக்கார வெச்சிக்கலாம்."

"ஏழு பேரு" என்றாள் செல்வி. "பெருச காட்டச் சொல்லு."

12 ஜூன்

ராஜமாணிக்கம் திட்டவில்லை. பெரிசு விற்றதே.

2 ஜூலை

புது வண்டியில் பெரியபாளையம் கோயில். கடைசி வரிசையில் செல்வியும் நானும். முட்டி இடிக்கவில்லை. பள்ளத்தில் இறங்கும்போது தலைதான் கூரையில் நன்றாக இடித்தது.

இடித்ததைச் செல்வியிடம் சொன்னேன். இந்த நோட்டில் எழுதியதையும்.