அம்மாவுக்கு வாங்கிய ஸ்டேரிங்

என் பிரியமான அம்மாவுக்கு,

ஈப்போ வீட்டில், உன் அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கணினியும் ஸ்டேரிங்கும் அதே மேசையில்தான் இருக்கின்றன. விளையாட்டுச் சாமான், மின்னணுச் சாமான் எல்லாம் கொடுத்த காசுக்குப் பெறுமா என்று எங்கள் இணையக் குழுவில் தினமும் யாராவது கேட்கிறார்கள். என் பதிலை முதலில் உனக்குச் சொல்ல வேண்டும்.

இருபது வருடத்துக்கு மேல் தாப்பா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கு வேன் ஓட்டியவள் நீ. இனிப்புநீர் நோய் உன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபின் வேனை விற்றோம். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து உட்காரவில்லை.

அந்த மாதம்தான் என் போனஸில் ஸ்டேரிங், பெடல், கணினியில் பஸ் ஓட்டும் விளையாட்டு எல்லாம் வாங்கி வந்தேன். அண்ணனுக்குக் கோபம் தாங்கவில்லை.

"செயற்கைக் கால் வாங்க வேண்டிய காசுலா அது. நீ விளையாட்டுச் சாமான் வாங்கிட்டு வந்து நிக்கிற."

"புண்ணு ஆறாம கால் மாட்ட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணே. அதுவரைக்கும் அம்மா இப்படியே படுத்துக் கிடக்கணுமா?"

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நீ தொடாமலே விட்டிருந்தால் அவன் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

மூன்று நாள் நீ தொடவில்லை. நான்காம் நாள், "கால் இல்லாதவளுக்கு எதுக்குடி இது? ஆக்சிலேட்டர எத வச்சு மிதிக்கிறது?" என்றாய்.

ஸ்டேரிங்குக்குப் பின்னால் விரலுக்கு எட்டும் சின்ன விசையைக் காட்டினேன். ஆக்சிலேட்டரை அதில் மாற்றி வைத்திருந்தேன். பிரேக் உன் இடது காலுக்கு.

நீ எழுந்து உட்கார்ந்தாய். முதல் வளைவிலேயே பஸ்ஸைக் கொண்டுபோய்க் கம்பத்தில் மோதினாய். "பஸ்ஸு நீளம்லா, பின்னாடி தெரியல," என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி எடுத்தாய். அதற்குப்பின் தினமும் ஒரு மணி நேரம். சிவப்பு விளக்கில் நிற்காத கார்களைத் திட்டினாய். திரையில் இருக்கும் பயணிகள் ஏறி முடிக்கும்வரை கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருந்தாய். பசிக்கிறது என்று நீயே சோறு கேட்டாய்.

புண் ஆறி, மருத்துவமனைக்கு உடற்பயிற்சிக்குப் போனோம். "அம்மா நல்லா நிமிந்து உட்காருறாங்களே, வீட்டுல யாரு பயிற்சி கொடுக்கிறது?" என்று அங்கிருந்த பெண் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். செயற்கைக் காலை அவனே வாங்கிக் கொடுத்தான். அதோடு ஒரு வருடம் நடந்தாய். பிறகு ஒரு நாள் காலையில் நெஞ்சுவலி வந்து எங்களை விட்டுப் போய்விட்டாய்.

எல்லாமே காசுக்குப் பெறும் என்று சொல்லமாட்டேன். விளையாட்டுக்கென்று முகத்தில் மாட்டுகிற வி.ஆர். கண்ணாடி உனக்குத் தலைச்சுற்றலைத்தான் கொடுத்தது. நான் வாங்கிய ட்ரோன் இரண்டாம் நாளே செம்பனை மரத்தில் சிக்கியது. அவை வீண்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஸ்டேரிங் கொடுத்த ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் பெறும். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அண்ணனே வந்து ஓட்டுகிறான். சிக்னல் போடுவதே இல்லை.

இனி எந்தப் பெட்டியைத் தூக்கி வந்தாலும், பிரிக்கும் முன் 'இது யாருக்கு?' என்று கேட்டுக்கொள்வேன். பதில் இல்லையென்றால் ரசீதோடு கடைக்கே திரும்பிப் போகும். 'எனக்குத்தான், சந்தோஷத்துக்கு' என்பதும் பதில்தான் அம்மா. நீ மட்டும் உடற்பயிற்சி என்று நினைத்தா அந்த பஸ்ஸை ஓட்டினாய்?

உன் வேனில் முன் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காத,
உன் இளைய மகள்